சார், அது நம்ம டார்பிடோ!

எதிரி நாட்டு ஜனாதிபதியைத் தீர்த்துக்கட்டுவது லேசான வேலை இல்லை. உளவாளி வைக்க வேண்டும், நீர்மூழ்கி அனுப்ப வேண்டும், காத்திருக்க வேண்டும், ஏகப்பட்ட செலவு. 1943 நவம்பர் 14ஆம் தேதி அமெரிக்கக் கடற்படை இந்த வேலையை ஹிட்லருக்காக ஓசியில் செய்துகொடுக்கப் பார்த்தது. அட்லாண்டிக் கடலில், ஞாயிற்றுக்கிழமை பட்டப்பகலில், பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் உட்கார்ந்திருந்த கப்பலைப் பார்த்து ஒரு நிஜ டார்பிடோ பாய்ந்தது. விட்டது ஜெர்மன்காரன் அல்ல. ரூஸ்வெல்ட்டுக்குக் காவலாகக் கூட வந்த கப்பல்.

அந்தப் புண்ணியக் கப்பலின் பெயர் யு.எஸ்.எஸ். வில்லியம் டி. போர்ட்டர். மாலுமிகளுக்குச் செல்லமாக ‘வில்லி டீ’. இதைப் பற்றிக் கதைகள் ஏராளம். போர் முடிந்து அரை நூற்றாண்டு கழித்து, கேட்க ஆள் இல்லை என்ற தைரியத்தில் இன்னும் பத்து கதைகள் சேர்ந்துகொண்டன. எது நடந்தது, எது திண்ணைப் பேச்சு என்று போகிற போக்கில் சொல்லிவிடுகிறேன். திண்ணைப் பேச்சையும் விட மனசில்லை.

கோளாறு பெயரிலேயே இருந்தது என்று நினைக்கிறேன். அமெரிக்காவில் டெஸ்ட்ராயர்களுக்கு, அதாவது நாசகாரிக் கப்பல்களுக்கு, பழைய கடற்படை வீரர்களின் பெயரை வைப்பார்கள். போர்ட்டர் குடும்பத்தில் பெயருக்குப் பஞ்சமே இல்லை. அப்பா டேவிட் போர்ட்டர் 1812 போரின் நாயகன். ஒரு மகன் டேவிட் டிக்சன் போர்ட்டர், அட்மிரல். அந்த வீட்டில் வளர்ப்புப் பிள்ளையாக வளர்ந்த டேவிட் ஃபாரகட், அமெரிக்கக் கடற்படையின் முதல் அட்மிரல். இத்தனை டேவிட்டுகளுக்கு நடுவே வில்லியம் என்று ஒருத்தர். உறவுக்காரர்களோடு சண்டை, சக அதிகாரிகளோடு சண்டை, யார் வென்ற போருக்கு யாருக்குப் பேர் என்பதில் சண்டை. சகாக்கள் அவருக்கு வைத்த பட்டப்பெயர் ‘அழுக்கு பில்’. உள்நாட்டுப் போரில் எஸ்ஸெக்ஸ் என்ற பீரங்கிப் படகை ஓட்டினார். 1862இல் ஹென்றிக் கோட்டையில் எதிரிக் குண்டு கொதிகலனைத் துளைத்து, பீறிட்ட நீராவியில் வெந்து பிழைத்தார். தைரியசாலிதான், சந்தேகமில்லை. ஆனால் குழந்தைக்குப் பெயர் வைக்கும்போது குடும்பத்தில் யார் பெயரைத் தவிர்ப்போமோ, அந்தப் பெயரைத் தேடிப் பிடித்து ஒரு கப்பலுக்கு வைத்தார்கள்.

டெக்சாஸ் மாநிலத்தில் ஆரஞ்ச் என்ற ஊரில் கட்டினார்கள். 1942 செப்டம்பரில் தண்ணீரில் இறக்கினார்கள். 1943 ஜூலையில் படையில் சேர்த்தார்கள். ஃபிளெட்சர் வகை டெஸ்ட்ராயர். போர்க்காலத்தில் அமெரிக்கா இந்த வகையில் 175 கப்பல்களைக் கட்டித் தள்ளியது. கப்பல் கட்டுவது சுலபமாகிவிட்டது. அதை ஓட்ட ஆள் பிடிப்பதுதான் பாடாக இருந்தது. ஒரு கப்பலுக்குச் சுமார் முந்நூறு பேர் தேவை. கிடைத்தவர்களில் பாதிப் பேர் போன வருஷம்வரை பள்ளிக்கூடத்திலோ, வயலிலோ, பெட்ரோல் பங்கிலோ இருந்தவர்கள். கடலைப் பார்த்ததுகூட இல்லாதவர்கள் அதில் உண்டு.

அப்படி ஒரு பத்தொன்பது வயதுப் பையனைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். பெயர் வேண்டாம், ‘நம்மாள்’ என்று வைத்துக்கொள்வோம். சுவரொட்டியில் பார்த்தது வெள்ளைச் சட்டை, தெற்குக் கடல், கையசைக்கும் பெண்கள். வந்து சேர்ந்தது 376 அடி நீளமும் ஓட்டப்பந்தயக்காரனின் இடுப்பும் கொண்ட ஒரு தகர டப்பா. தகர டப்பா என்று வைவது நானில்லை, அமெரிக்க மாலுமிகளே டெஸ்ட்ராயரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். பெரிய போர்க்கப்பலுக்கு ஒரு அடிக்கும் மேல் கனத்தில் இரும்புக் கவசம் உண்டு. டெஸ்ட்ராயருக்குக் கவசமே வேகம்தான். அறுபதாயிரம் குதிரைச்சக்தி, மணிக்கு 35 கடல் மைலுக்கு மேல். அடி விழுந்தால் தாங்காது, அதனால் விழுவதற்கு முன் ஓடிவிட வேண்டும் என்பது ஏற்பாடு.

அந்த ஒல்லிக் கப்பல் நல்ல கடலிலேயே உருளும். கெட்ட கடலில் நம்மாள் ஒரு கையால் சோற்றுத் தட்டையும், ஒரு கையால் கம்பியையும் பிடித்துக்கொண்டு, சாப்பிட மூன்றாவது கை இல்லையே என்று யோசிப்பான். படுக்கை மூன்றடுக்கு. மேலே இருப்பவன் எடை அதிகமானால் நடுவே இருப்பவன் மூக்கில் இடிக்கும். குளிக்க நல்ல தண்ணீர் கேட்கக் கூடாது. கடல்நீரைக் காய்ச்சி வடித்த தண்ணீரில் முதல் பந்தி கொதிகலனுக்கு, மிச்சம்தான் மனிதனுக்கு. கொதிகலன் உப்புத் தண்ணீர் குடித்தால் கெட்டுப்போகும். மாலுமி உப்புத் தண்ணீரில் குளித்தால் அரிப்பு மட்டும்தான் வரும். அமெரிக்கக் கடற்படையின் பழைய வழக்கப்படி காலைச் சாப்பாட்டுக்கு வேகவைத்த பீன்ஸ். முந்நூறு பேர், மூன்றடுக்குப் படுக்கை, மூடிய கதவுகள். மேற்கொண்டு எழுதினால் ஆசிரியர் வெட்டிவிடுவார்.

குடிக்க? ஒரு சொட்டு கிடையாது. ஆங்கிலேயக் கடற்படையில் தினமும் ரம் அளந்து ஊற்றிக்கொண்டிருந்த காலத்தில், அமெரிக்கக் கப்பல்களில் 1914இலேயே மதுவிலக்கு வந்துவிட்டது. கொண்டுவந்த அமைச்சர் ஜோசஃபஸ் டேனியல்ஸ். அவருக்குக் கீழே அப்போது உதவிச் செயலராக இருந்தவர், சாயங்காலமானால் தன் கையாலேயே மார்ட்டினி கலக்கிக் கொடுப்பதில் பிரியமுள்ள ஒரு இளைஞர். பெயர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட். மாலுமிகள் சளைத்தவர்களா? டார்பிடோவின் எஞ்சின் ஆல்கஹாலில் ஓடுவது. அதை வடித்து அன்னாசிச் சாறு கலந்து குடித்தார்கள். குடிக்காமலிருக்க நிர்வாகம் அதில் வயிற்றைக் கலக்கும் எண்ணெயைக் கலந்தது. எண்ணெயைப் பிரிக்க மாலுமிகள் வழி கண்டுபிடித்தார்கள். ஜப்பானோடும் ஜெர்மனியோடும் நடந்த போருக்கு இணையாக இந்த விஞ்ஞானப் போரும் ஓயாமல் நடந்தது. இவ்வளவு திறமை கொஞ்சம் டார்பிடோவைக் கையாளுவதிலும் இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலை இல்லை.

1943 நவம்பரில் வில்லி டீக்கு வயது நான்கு மாதம். கிடைத்த வேலையோ யாருக்கும் கிடைக்காத வேலை. கெய்ரோவில் சர்ச்சிலையும் சியாங் கை ஷேக்கையும், டெஹ்ரானில் ஸ்டாலினையும் பார்க்க ரூஸ்வெல்ட் ரகசியமாகக் கிளம்புகிறார். அயோவா என்ற புத்தம்புதிய பேட்டில்ஷிப்பில் அட்லாண்டிக்கைக் கடந்து ஆப்பிரிக்கா போய், அங்கிருந்து விமானம். அயோவா 887 அடி நீளம், 45,000 டன். ஒன்பது 16 அங்குலப் பீரங்கிகள், கவசத்தைத் துளைக்கும் குண்டு ஒவ்வொன்றும் ஒரு டன்னுக்கு மேல். இளம்பிள்ளை வாதத்தால் கால் செயலிழந்த ஜனாதிபதிக்கு நின்று குளிக்க முடியாது என்பதால், அதில் ஒரு குளியல் தொட்டியும் வைத்தார்கள். அப்போது கடலில் மிதந்த ஆயிரக்கணக்கான அமெரிக்க மாலுமிகள் உப்புத் தண்ணீரைச் சொறிந்துகொண்டிருந்தார்கள் என்பதைச் சொல்லாமல் விட்டால் பாவம். (அயோவா இப்போது லாஸ் ஏஞ்சலஸ் துறைமுகத்தில் அருங்காட்சியகம். டிக்கெட் வாங்கிக்கொண்டு ஜனங்கள் அந்தத் தொட்டியை எட்டிப் பார்க்கிறார்கள்.)

கப்பலின் தலைவர் ஜான் மெக்ரே. இதற்கு முன் வெள்ளை மாளிகையில் ரூஸ்வெல்ட்டின் கடற்படை உதவியாளராக இருந்தவர். ஆக, கப்பலில் வருவது நாட்டின் தலைவர் மட்டுமல்ல, பழைய முதலாளி. கூட வந்தவர்களின் பட்டியலைப் பார்த்தால் காவல் கப்பல்காரனுக்குக் காய்ச்சல் வரும். தரைப்படைத் தலைவர் ஜார்ஜ் மார்ஷல், விமானப்படைத் தலைவர் ‘ஹாப்’ ஆர்னால்ட், கடற்படைத் தலைவர் எர்னஸ்ட் கிங், ஜனாதிபதியின் தலைமைத் தளபதி அட்மிரல் லீஹி, அந்தரங்க ஆலோசகர் ஹாரி ஹாப்கின்ஸ். அமெரிக்காவின் போர் மூளை முழுவதும் ஒரே கப்பலில். அதிலும் அட்மிரல் கிங்கின் கோபம் உலகப் பிரசித்தம். அப்பாவின் மனநிலை என்றைக்கும் மாறவே மாறாது, எப்போதும் ஆத்திரத்தில்தான் இருப்பார் என்று அவர் மகளே சொன்னதாக ஒரு வேடிக்கை உண்டு.

ரூஸ்வெல்ட்டுக்குக் கடல்காரர்களின் நம்பிக்கைகள் எல்லாம் உண்டு. வெள்ளிக்கிழமை நீண்ட பயணம் கிளம்பினால் ஆகாது என்பது அதில் முக்கியமானது. நவம்பர் 12 வெள்ளிக்கிழமை. அன்று கப்பலேறியவர், நள்ளிரவு தாண்டிச் சனிக்கிழமை பிறந்த பிறகுதான் புறப்படச் சம்மதித்தார். உலகப் போர் காத்திருந்தது. நம்மூர்ப் பஞ்சாங்கத்தைக் கொடுத்திருந்தால் அவர் இன்னும் சந்தோஷப்பட்டிருப்பார் என்றாலும் பிரயோஜனம் இருந்திருக்காது. ஞாயிற்றுக்கிழமை ராகு காலம் சாயங்காலம் நாலரைக்கு. எமகண்டம் ஒன்றரையோடு முடிந்துவிடும். டார்பிடோ வந்தது இரண்டரை மணி சுமாருக்கு. சுத்தமான நேரம்.

வில்லி டீ கிளம்பியதே கோணல் என்கிறது திண்ணைப் பேச்சு. துறைமுகத்திலிருந்து பின்வாங்கும்போது நங்கூரத்தைச் சரியாகத் தூக்காமல், பக்கத்துக் கப்பலின் கைப்பிடிகளைப் பிய்த்துக்கொண்டு போனதாம். அடுத்த நாள் ஒரு ஆழ்வெடி கழன்று கடலில் விழுந்து வெடித்து, நீர்மூழ்கி வந்துவிட்டதென்று மொத்தக் கூட்டமும் கோணல்மாணலாக ஓடியதாம். இதற்கெல்லாம் நான் ஜாமீன் நிற்க மாட்டேன். பெரிய தப்பு செய்தவன் தலையில் ஊரில் காணாமல்போன கோழியையெல்லாம் கட்டுவது உலக வழக்கம்.

ஞாயிற்றுக்கிழமை நடந்தது மட்டும் அச்சு அசல்.

அன்று மதியம் ஜனாதிபதியை மகிழ்விக்க அயோவாவில் ஒரு காட்சி. வானத்தில் பலூன்களைப் பறக்கவிட்டு விமான எதிர்ப்புப் பீரங்கிகளால் சுட்டு வீழ்த்துவது. ரூஸ்வெல்ட் சக்கர நாற்காலியில் மேல்தளத்துக்கு வந்து ரசித்துக்கொண்டிருந்தார். தப்பிய பலூன்கள் வில்லி டீ பக்கம் மிதந்து வந்தன. அதன் தலைவர் லெப்டினன்ட் கமாண்டர் வில்ஃப்ரெட் வால்டருக்குக் கை துறுதுறுத்தது, அவரும் சுட்டார். இதோடு நிறுத்தியிருக்கலாம். ஜனாதிபதி பார்த்துக்கொண்டிருக்கும்போது எந்த அதிகாரிதான் நிறுத்துவான்? அடுத்து டார்பிடோ ஒத்திகை.

ஒத்திகைக்குக் குறி வைக்க எதிரில் ஏதாவது ஒரு கப்பல் வேண்டும். சுற்றிலும் பார்த்தால் கண்ணுக்கு லட்சணமாக, பெரிதாக, நேராக நிற்பது அயோவாதான். குறி வைத்தார்கள். இதில் குற்றம் ஒன்றும் இல்லை, எல்லாரும் செய்வதுதான். டார்பிடோவைக் குழாயிலிருந்து வெளியே தள்ளுவது பிரைமர் என்ற சிறிய வெடிமருந்துத் துண்டு. ஒத்திகைக்கு முன் ஒவ்வொரு குழாயிலிருந்தும் அதைக் கழற்றிவிட வேண்டும். கழற்றிவிட்டால் பொத்தானை அமுக்கினாலும் ‘டிக்’ என்ற சத்தம்தான் வரும். வில்லி டீயில் பத்துக் குழாய்கள். ஒன்றில் மட்டும் கழற்ற மறந்துவிட்டார்கள்.

சுடு என்றார்கள். டிக். சுடு. டிக். சுடு. புஸ்ஸ்ஸ்.

இருபது அடிக்கு மேல் நீளம், ஒன்றே முக்கால் டன் எடை, தலையில் சுமார் எண்ணூறு பவுண்டு வெடிமருந்து. அது குழாயைவிட்டுக் குதித்துத் தண்ணீரில் விழுந்து, எஞ்சினைத் தானே கிளப்பிக்கொண்டு, தனக்குச் சொல்லிக்கொடுத்த வழியில் கிளம்பியது. அந்தக் கப்பலில் அன்று ஒழுங்காக வேலை செய்த ஒரே ஆசாமி அதுதான்.

அந்த ஒரு நொடி நம்மாள் தளத்தில் நின்றிருந்தால் அவன் மனசில் என்ன ஓடியிருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். உடன் நின்றவனைப் பார்த்து, “டேய், ஒத்திகையில சத்தம் வருமாடா?” என்று கேட்டிருப்பான். “வராதுடா.” “வந்துச்சேடா.” இதற்குள் மேலே கட்டளை மேடையில் பெரியவர்கள் முகம் வெளுத்திருக்கும்.

அயோவாவை எச்சரிக்க வேண்டும். எப்படி? ஜெர்மன் நீர்மூழ்கிகள் ஒட்டுக்கேட்கும் என்பதால் ரேடியோவைத் தொடவே கூடாது என்று கண்டிப்பான உத்தரவு. விளக்கைச் சிமிட்டித்தான் சேதி சொல்ல வேண்டும். பதற்றத்தில் விளக்குக்காரர் டார்பிடோ வேறு பக்கம் போகிறது என்று முதலில் சிமிட்டியதாகவும், திருத்துகிறேன் என்று, நாங்கள் முழு வேகத்தில் பின்னால் போகிறோம் என்று அடுத்து சிமிட்டியதாகவும் திண்ணை சொல்கிறது. நடந்திருந்தால் நன்றாக இருக்கும் என்று எனக்கும் ஆசைதான். எப்படியோ, கடைசியில் உத்தரவைக் காற்றில் விட்டு ரேடியோவில் கத்திவிட்டார்கள். நம்மூர்ப் பேச்சில் சொன்னால்: “சார், உடனே திரும்புங்க சார், டார்பிடோ வருது. யாருதா? அது… நம்மதுதான் சார்.”

அயோவா திரும்பியது. நாற்பத்தைந்தாயிரம் டன் இரும்பு, உயிருக்குப் பயந்தால் எவ்வளவு வேகமாகத் திரும்பும் என்பது அன்று தெரிந்தது. ஆட்டத்தில் தளமே சாய்ந்தது. ரூஸ்வெல்ட் என்ன செய்தார் தெரியுமா? தன்னைக் கைப்பிடி ஓரம் தள்ளிக்கொண்டு போகச் சொன்னார், டார்பிடோவைப் பார்க்க வேண்டுமாம். காவல் அதிகாரி ஒருவர் கைத்துப்பாக்கியை உருவி டார்பிடோவைச் சுடத் தயாரானார் என்றும் ஒரு கதை. நம்புகிறவர்கள் நம்பலாம். எனக்கு அந்த அதிகாரியைப் பிடித்திருக்கிறது.

டார்பிடோ கப்பலைத் தவறவிட்டு, பின்னால் பொங்கிக்கொண்டிருந்த அலைத்தடத்தில் வெடித்தது. அயோவாவில் இருந்தவர்கள் தங்கள்மீதே பட்டுவிட்டதென்று நினைக்கும் அளவுக்கு அதிர்ச்சி. அமெரிக்க வரலாறு அன்று எப்படியோ தப்பியது. கப்பலின் ஒன்பது பெரிய பீரங்கிகளும் மெல்லத் திரும்பி வில்லி டீயைப் பார்த்து நின்றன என்று சொல்வார்கள். தன் ஆயுளில் முதல் தடவையாக ஒரு டெஸ்ட்ராயர் சுருங்கப் பார்த்திருக்கும். தரைப்படை, விமானப்படைப் பெரிசுகளுக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. உங்கள் கடற்படையில் இது அடிக்கடி நடக்குமோ என்று ஆர்னால்ட் அட்மிரல் கிங்கைச் சீண்டியதாகப் பேச்சு. ஹாப்கின்ஸுக்கோ, சுட்டவன் எதிர்க்கட்சியான ரிபப்ளிக்கன் கட்சிக்காரனாகத்தான் இருப்பான் என்று சந்தேகம்.

கிங் சிரிக்கவில்லை. வில்லி டீ உடனே பெர்முடாவுக்குப் போக வேண்டும், அங்கே விசாரணை. மொத்தக் கப்பலையும், தலைவரிலிருந்து சமையல்காரர்வரை, கைது செய்தார்கள், அமெரிக்கக் கடற்படை வரலாற்றிலேயே முதல்முறை என்று இந்தக் கதையைச் சொல்கிற எல்லாரும் அடித்துச் சொல்கிறார்கள். அப்படியானால் அடுத்த மாதமே அந்தக் கப்பலைப் பனாமா கால்வாய் வழியாகப் பசிபிக்குக்கு ஓட்டிக்கொண்டு போனது யார், பெர்முடா மீனவர்களா? விசாரணை நடந்தது. பிரைமரைக் கழற்ற மறந்த டார்பிடோக்காரருக்குப் பதினாலு வருஷம் கடுங்காவல் என்று தீர்ப்பானதாகவும், விபத்துதானே, விட்டுவிடுங்கள் என்று ரூஸ்வெல்ட்டே சொல்லி மன்னித்ததாகவும் சொல்கிறார்கள். அப்படி நடந்திருந்தால் பெரிய மனசு. குறி தவறாமல் பட்டிருந்தால் மன்னிக்க ஆள் இருந்திருக்காது என்பதையும் கவனிக்க வேண்டும்.

விஷயத்தை வெளியே மூச்சுவிடக் கூடாது என்றார்கள். முந்நூறு மாலுமிகளுக்குத் தெரிந்த ரகசியம் எத்தனை நாள் ரகசியமாக இருக்கும்? அதன் பிறகு வில்லி டீ எந்தத் துறைமுகத்துக்குள் நுழைந்தாலும், மற்றக் கப்பல்காரர்கள் கையைத் தூக்கிக்கொண்டு, “சுடாதீங்க, நாங்க ரிபப்ளிக்கன் கட்சி!” என்று கத்தினார்களாம். இது நடந்ததோ இல்லையோ, நடந்திருக்க வேண்டிய விஷயம்.

டிசம்பர் கடைசியில் கப்பல் போய்ச் சேர்ந்த இடம் அலூஷியன் தீவுகள். அலாஸ்காவின் வால். மூடுபனி, மழை, பனிக்காற்று, மறுபடி மூடுபனி. கடற்படை யாரையாவது கண்ணில் படாமல் வைக்க நினைத்தால் இதைவிடத் தோதான இடம் இல்லை, ஏனென்றால் அங்கே யாருக்கும் எதுவும் கண்ணில் படாது.

ஒரு வகையில் வில்லி டீக்கு அது சொந்த ஊர் மாதிரி. ஏனெனில் அதற்கு முன்பே அங்கே பெரிய பெரிய ஆட்கள் பெரிய பெரிய கூத்தடித்திருந்தார்கள். 1943 ஜூலையில் கிஸ்கா தீவுக்கு அருகே பேட்டில்ஷிப்புகளும் குரூசர்களும் அடங்கிய அமெரிக்கப் படையின் ரேடாரில் ஏழெட்டுப் புள்ளிகள் தெரிந்தன. ஜப்பான் கப்பல்கள்தான் என்று முடிவுகட்டி, ஐந்நூறுக்கும் மேற்பட்ட 14 அங்குலக் குண்டுகளைப் பொழிந்தார்கள். விடிந்து போய்ப் பார்த்தால் உடைந்த பலகை ஒன்றுகூட இல்லை. சுற்றுவட்டாரத்தில் எதிரியே கிடையாது. கடற்பறவைக் கூட்டமாக இருக்கலாம் என்று பிற்பாடு சிலர் கணித்தார்கள். பறவைகளும் சாகவில்லை போலிருக்கிறது.

அதற்கு இரண்டு நாள் கழித்து, கிஸ்காவிலிருந்த ஐயாயிரம் ஜப்பானியர்களும் மூடுபனியைப் போர்த்திக்கொண்டு சத்தமில்லாமல் கப்பலேறிப் போய்விட்டார்கள். இது தெரியாமல் ஆகஸ்ட் 15ஆம் தேதி 34,000க்கும் மேற்பட்ட அமெரிக்க, கனடா வீரர்கள் அந்தத் தீவின்மீது படையெடுத்தார்கள். வரவேற்றவை சில நாய்கள். ஆளில்லாத தீவிலும் பனியில் ஒருவரையொருவர் எதிரி என்று நினைத்துச் சுட்டுக்கொண்டதிலும், விட்டுப்போன கண்ணிகளிலும் உயிர்கள் போயின, அதில் சிரிக்க ஒன்றுமில்லை. அந்தப் படையெடுப்பைத் திட்டமிட்ட பெரியவர்களில் யாரையும் எந்தத் துறைமுகத்திலும் யாரும் கேலி செய்ததாகத் தகவல் இல்லை. டார்பிடோ விட்ட குட்டிக் கப்பலுக்கு மட்டும் காலத்துக்கும் பட்டப்பெயர். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பது கடற்படைக்கும் பொருந்தும்.

அலூஷியனில் வில்லி டீ மேல் இன்னொரு கதை. குடித்துவிட்டு வந்த மாலுமி ஒருவன் ஐந்து அங்குலப் பீரங்கியின் விசையை இழுத்துப் பார்த்தானாம். குண்டு கரையிலிருந்த தளத் தலைவரின் வீட்டுத் தோட்டத்தில் போய் விழுந்ததாம், அப்போது அங்கே அதிகாரிகளும் மனைவிமார்களும் விருந்தில் இருந்தார்களாம். யுத்த காலத்து அலூஷியனில் மனைவிமார் எங்கிருந்து வந்தார்கள், அந்தப் பனியில் தோட்டம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் கதை கெட்டுவிடும். கேட்காதீர்கள். நிஜத்தில் நம்மாள் அங்கே செய்தது, மாதக்கணக்கில் ரோந்து, உறைந்த கயிற்றை உடைப்பது, 1944 ஜூனில் குரில் தீவுகள்வரை போய் மட்சுவா, பாரமுஷிரு இரண்டையும் பீரங்கியால் தாக்கிவிட்டுத் திரும்புவது. அங்கேயும் பனிதான். எங்கே பட்டது என்று குண்டுக்கு மட்டும்தான் தெரியும்.

1945 மார்ச் கடைசியில் கப்பல் ஒகினாவாவுக்கு வந்தது. இங்கே நிலவரமே வேறு. தீவைச் சுற்றி எட்டத்தில் டெஸ்ட்ராயர்களைத் தனித்தனியாக நிறுத்தி வைத்தார்கள். வேலை, ஜப்பானிய விமானங்கள் வருவதை ரேடாரில் முதலில் பார்த்துச் சொல்வது. முதலில் பார்ப்பவன்தான் முதலில் அடிவாங்குவான் என்பதைச் சொல்லாமல் விட்டார்கள். வந்தவை காமிகாஸே விமானங்கள், குண்டோடு சேர்ந்து விமானியும் வந்து மோதும் ரகம். விமானந்தாங்கிக் கப்பலைத் தேடி வருகிறவர்கள் வழியில் முதலில் கண்ட தகர டப்பாவின்மேலேயே பாய்ந்துவிடுவார்கள். ஒரு காவல் கப்பலில் மாலுமிகள் வெறுத்துப்போய், பெரிய அம்புக்குறி போட்டு ‘விமானந்தாங்கிகள் இந்தப் பக்கம்’ என்று பலகை எழுதி வைத்தார்கள். போர்க்காலத்தில் வெளிவந்த மிகச் சிறந்த இலக்கியம் என்று நான் நினைப்பது அந்தப் பலகையைத்தான்.

வில்லி டீ அங்கே ஒழுங்காக வேலை பார்த்தது. இதை எழுதும்போது எனக்கே கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கிறது. கரையிலிருந்த ஜப்பானிய நிலைகள்மேலும் வந்த விமானங்கள்மேலும் 8,500க்கும் மேற்பட்ட குண்டுகளை, சுட வேண்டிய திசையிலேயே சுட்டது. ஐந்து எதிரி விமானங்களை வீழ்த்தியது. போர் முழுவதற்கும் சேர்த்து நான்கு போர் நட்சத்திரங்கள் வாங்கியது. ஆனால் இதைச் சொன்னால் யார் சிரிப்பார்கள்? அதனால் யாரும் சொல்வதில்லை. கூகுளில் தேடினாலும் ஞாயிற்றுக்கிழமை மதியம்தான் முதலில் வரும்.

ஜூன் 10, மறுபடியும் ஞாயிற்றுக்கிழமை. காலை எட்டே கால். மேகத்திலிருந்து ஒரு பழைய ‘வால்’ ரகக் குண்டுவீச்சு விமானம் திடீரென்று இறங்கியது. சக்கரத்தை உள்ளே மடக்கக்கூடத் தெரியாத, அந்தக் காலத்துக் கட்டு. நேராக வில்லி டீயை நோக்கி வந்தது. கப்பல் வளைந்து தப்பியது. விமானம் பக்கத்துத் தண்ணீரில் விழுந்தது. தளத்திலிருந்தவர்கள் மூச்சுவிட்டிருப்பார்கள். தண்ணீரில் விழுந்த விமானம் அப்படியே மூழ்கிக்கொண்டே கப்பலின் அடிவயிற்றுக்குக் கீழே வந்து, அங்கே வெடித்தது. கப்பல் அப்படியே மேலே எழும்பித் திரும்ப விழுந்தது. மின்சாரம் போனது, நீராவிக் குழாய்கள் உடைந்தன, நெருப்பு கிளம்பியது. அழுக்கு பில்லுக்கு நேர்ந்ததே அவர் பெயர் தாங்கிய கப்பலுக்கும் நேர்ந்தது. எல்லாவற்றிலும் வேடிக்கை, குறி தவறிய டார்பிடோவால் பெயர் கெட்ட கப்பலை, குறி தவறிய விமானம் முடித்துவைத்தது.

மூன்று மணி நேரம் போராடினார்கள். இப்போது தலைவர் கமாண்டர் சார்லஸ் கீஸ். நெருப்பை அணைப்பதும், ஓட்டையை அடைப்பதும், தண்ணீரை இறைப்பதுமாக. தரையிறங்கும் துணைப் படகுகள் சில ஒட்டி வந்து நின்றன, அதில் ஒன்று லெப்டினன்ட் ரிச்சர்ட் மெக்கூலின் எல்.சி.எஸ். 122. தண்ணீர் ஏறிக்கொண்டே வந்தது. இனி முடியாது என்று கீஸ் எல்லாரையும் இறங்கச் சொன்னார். பன்னிரண்டு நிமிஷத்தில் வில்லி டீ வலப்பக்கம் சாய்ந்து, பின்புறமாகக் கடலுக்குள் போனது. காயம்பட்டவர்கள் அறுபத்தொரு பேர். செத்தவர் ஒருவர்கூட இல்லை. ஒகினாவாவில் காமிகாஸேக்கள் மூழ்கடித்த டெஸ்ட்ராயர்களின் கணக்கைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கடைசி வரி எவ்வளவு அபூர்வம் என்று தெரியும். தங்கள் ஜனாதிபதியையே கிட்டத்தட்டக் கொன்ற கப்பல், தன் ஆட்களில் ஒருத்தரையும் கொல்லாமல் போய்ச் சேர்ந்தது. அவர்களைத் தூக்கிக்கொண்ட மெக்கூலின் படகை மறுநாளே இன்னொரு காமிகாஸே தாக்கியது. படுகாயத்தோடு படகைக் காப்பாற்றியவருக்கு அமெரிக்காவின் மிகப் பெரிய வீரப் பதக்கம் கிடைத்தது.

ரூஸ்வெல்ட் அதற்கு இரண்டு மாதம் முன்பே, ஏப்ரல் 12ஆம் தேதி, ஜார்ஜியா மாநிலத்தில் தன் ஓய்வு வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது மூளையில் ஏற்பட்ட ரத்தக் கசிவால் இறந்துபோயிருந்தார். கடற்படைக்கு அதில் சம்பந்தமில்லை.

கப்பல் போன மாலுமிகளுக்கு விடுப்புக் கொடுத்து ஊருக்கு அனுப்புவார்கள். நம்மாளும் போயிருப்பான். பக்கத்து வீட்டு மாமா, “என்னப்பா, சண்டையில பெரிய ஆளுங்க யாரையாவது கிட்டப் பார்த்தியா?” என்று கேட்டிருப்பார். பார்த்தேன் மாமா, டார்பிடோ தூரத்தில் பார்த்தேன் என்று சொல்ல நாக்கு துடித்திருக்கும். ரகசியம் என்று சத்தியம் வாங்கியிருக்கிறார்களே. தலையைச் சொறிந்துகொண்டு, அவ்வளவாக யாரையும் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டு, நல்ல தண்ணீரில் இன்னொரு தடவை குளிக்கப் போயிருப்பான்.